நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு?

மார்கழிக் கோலம், பேரன் போட்டோ என்று போட்டுக்கொண்டிருந்த டீச்சர் இன்றைக்கு லாரி எஞ்சினைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்க வேண்டாம். பதிவு நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

விஷயம் இதுதான். நம் பள்ளியில் என்னிடம் படித்த ஒருவன் மண்ணச்சநல்லூரில் அரிசி லோடு ஓட்டுகிறான். பேர் சொல்லப் போவதில்லை. வண்டி என்ன வண்டி என்றும் சொல்லப் போவதில்லை, சொன்னால் ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். நான்கு சிலிண்டர் பழைய டீசல் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு கொள்ளிடம் பாலம் தாண்டி காந்தி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் வண்டி ஒரு தடவையில் ஸ்டார்ட் ஆகாது. செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு ஒரு வழியாகப் பிடிக்கும். போன மாதம் செல்ஃப் மோட்டார் எரிந்துவிட்டது. "நீ அடிச்ச அடியிலதான் காயில் எரிஞ்சுது" என்று சொல்லி, ரீவைண்டிங் செலவை வாராவாரம் அவன் சம்பளத்தில் பிடிக்கிறார் முதலாளி. டீசல் கணக்கும் உதைக்கிறதாம். எங்கேயோ இறக்கி விற்கிறான் என்று சந்தேகம் வேறு.

அவனோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இன்னொருவன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்துப் பட்டறை வைத்திருக்கிறான். அவன் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்ததில் நான்கு ஹீட்டர் பிளக்கில் மூன்று செத்துக் கிடந்தன. முதலாளியிடம் சொன்னதற்கு அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவின் தலைப்பு. இதே கேள்வியை இன்னும் பத்துப் பேர் கேட்டுக் கேட்டிருக்கிறேன். நம் சொந்தத்திலேயே கேட்டிருக்கிறார்கள். "ஊட்டிக்காரனுக்கு வேணும்னா சரி, நமக்கு எதுக்கு? வயரைப் பிடுங்கிப் போடு" என்பார்கள். இது தவறான பேச்சு. அந்தத் தவற்றுக்கு ஓட்டுகிறவன் காசு கொடுக்கிறான் என்பதுதான் என் வருத்தம்.

ஏன் தவறு என்று சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டாது, பயப்படாதீர்கள்.

பெட்ரோல் எஞ்சினில் பொறி வைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் பொறியே கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும், நினைவிருக்கிறதா? காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடாகும். டீசல் எஞ்சினின் மொத்த ரகசியமும் அதுதான். பிஸ்டன் மேலே வந்து காற்றை இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 27 டிகிரியில் உள்ளே போன காற்று 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நெருப்புக் காற்றுக்குள் நாசில் டீசலைப் பூத்தூறலாகத் தெளிக்க, அது தானே பற்றிக்கொள்கிறது.

ஆனால் அந்த 700 காகிதக் கணக்கு. சூடு எங்கேயும் ஓடாது, காற்று எங்கேயும் கசியாது என்று வைத்துக்கொண்டு போட்டது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரும்பெல்லாம் ஆறிக் கிடக்கும். செல்ஃப் மோட்டார் சுற்றும் வேகமோ மெதுவானது. பிஸ்டன் மெதுவாக ஏறுவதால் சூட்டைச் சுவர் உறிஞ்சிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. தேய்ந்த ரிங் வழியாகக் காற்றும் கொஞ்சம் தப்புகிறது. எஞ்சினுக்குள் கிடைப்பது கணக்கில் வந்ததைவிட மிகவும் குறைவு. டீசல் தானாகப் பற்ற இருநூறு டிகிரிக்குச் சற்று மேல் போதும் என்று புத்தகம் சொல்லும். அது சாவகாசமாகப் பற்றுவதற்கான கணக்கு. எஞ்சினுக்குள் அதற்குக் கிடைக்கும் நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு, அதனால் அதைவிட மிகுந்த சூடு வேண்டும்.

இங்கேதான் எஞ்சினில் இரண்டு சாதி பிரிகிறது. (எஞ்சினில் மட்டும் சொல்கிறேன்.) ஒரு வகையில் டீசலை நேராகப் பிஸ்டன் தலையில் இருக்கும் குழியிலேயே தெளிப்பார்கள். இன்னொரு வகையில் ஹெட்டுக்குள் ஒரு சின்ன அறை வைத்து, அதில் தெளித்து, அங்கே பற்றிய நெருப்பு குறுகலான வழியாகச் சீறிக்கொண்டு சிலிண்டருக்குள் வரும். ஜெர்மனியில் பென்ஸ் கம்பெனியின் எஞ்சினியர் பிராஸ்பர் லோரான்ஜ் 1909ல் காப்புரிமை எடுத்த யோசனை அது. சத்தம் குறைவு. நாசில் அவ்வளவு துல்லியமாக இல்லாவிட்டாலும் ஓடும். சின்ன எஞ்சின்களுக்கு ரொம்ப ஏற்றது. குறை ஒன்றுதான். அறை, குறுகல் வழி என்று இரும்புச் சுவரின் பரப்பு கூடிவிடுகிறது. பரப்பு கூடினால் வெப்ப இழப்பு கூடும். தோசைக்கல்லில் விரித்து ஊற்றியது சீக்கிரம் ஆறுகிறது, குண்டானில் இருக்கும் சாம்பார் ஆறுவதில்லை, அந்தக் கதைதான். அதனால்தான் அறை வைத்த எஞ்சின்களில் இருபது மடங்கு, அதற்கு மேலும் அமுக்கம் வைப்பார்கள். நேரடியாகத் தெளிக்கும் பெரிய லாரி எஞ்சினுக்குப் பதினாறு, பதினேழு மடங்கே போதும்.

அவ்வளவு அமுக்கியும் ஆறிய எஞ்சினில் போதாது என்பதால், அந்தச் சின்ன அறைக்குள் மூக்கை நீட்டுகிற மாதிரி ஒரு மின் ஹீட்டர் வைத்தார்கள். இங்கிலீஷில் குளோ பிளக் என்பார்கள். நம் பட்டறைகளில் ஹீட்டர் பிளக். எனக்கு நம் பட்டறைப் பெயர்தான் சரியாகப் படுகிறது. அது நெருப்பு வைப்பதில்லை. சூடு மட்டும் பண்ணுகிறது. தெளித்த டீசலில் கொஞ்சம் அந்தச் சிவந்த மூக்கின் மேலோ பக்கத்திலோ போகும்போது ஆவியாகிப் பற்றிக்கொள்கிறது, அது மீதியைப் பற்ற வைக்கிறது. எஞ்சின் ஓடிச் சூடேறிவிட்டால் அதற்கு வேலை இல்லை.

ஆக, "நம்ம ஊர் வெயில்" என்ற வாதம் எங்கே சரி, எங்கே தவறு? நேரடி வகை லாரிக்கு சரி. லேலண்ட் காமெட் ஓட்டியவர்களைக் கேளுங்கள், ஹீட்டர் என்ற பேச்சே இருந்திருக்காது. அறை வைத்த எஞ்சினுக்குத் தவறு. திருச்சியில் மார்கழி விடியலில் இருபது டிகிரி இருந்தாலே அதற்குக் குளிர்தான். வண்டி புதிதாக, கம்ப்ரஷன் கெட்டியாக இருக்கும்போது ஹீட்டர் இல்லாமலும் சித்திரை மாதத்தில் பிடித்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் வயரைப் பிடுங்குகிறார்கள். பத்து வருஷம் கழித்து ரிங் தேய்ந்த பிறகு அதே வண்டி அதே சித்திரையில் மக்கர் பண்ணும். பழைய வண்டிக்கு ஹீட்டர் அதிகம் தேவையே தவிர, குறைவாக அல்ல.

என் அப்பா டி.எம்.பி. லாரி ஓட்டியவர் என்று உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்கள் பலருக்குத் தெரியாது. டாடாவின் டெல்கோ கம்பெனி டைம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து 1954ல் ஜாம்ஷெட்பூரில் லாரி கட்ட ஆரம்பித்தது. 1969ல் கூட்டு முடிந்து டாடா என்ற பெயர் மட்டும் நின்றது. முகப்பில் நட்சத்திரம் போட்ட அந்த முதல் லாரிகளில் இருந்தது பென்ஸின் 312 எஞ்சின், ஆறு சிலிண்டர், அறை வைத்த வகை. ஆறுக்கும் ஆறு ஹீட்டர். டேஷ்போர்டில் ஓட்டை போட்ட சின்ன மூடிக்குப் பின்னால் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். சுவிட்சை இழுத்துப் பிடித்தால் அது மெல்ல மெல்லச் சிவக்கும். செக்கச்செவேல் என்று ஆனதும் இன்னும் இழுத்தால் செல்ஃப் பிடிக்கும். லீவு நாளில் அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு, "சிவக்கட்டும் பாப்பா, அவசரப்படாதே" என்பார். அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

அந்தச் சுருள் வெறும் அழகுக்கு வைத்ததல்ல. அந்தக் காலத்து பிளக்கில் முனையில் ஒரு கனத்த கம்பி வளையம் அப்படியே வெளியே தெரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வோல்ட்டுக்கும் குறைவாகவே தேவை. ஆறையும் தொடரிணைப்பில் கட்டி, டேஷ்போர்டுச் சுருளையும் அதே வரிசையில் சேர்த்திருப்பார்கள். ஒரே மின்னோட்டம் எல்லாவற்றின் வழியாகவும் போகிறது. எனவே கண் முன்னால் சுருள் சிவந்தால் கண்ணுக்குத் தெரியாத ஆறும் சிவந்திருக்கின்றன. சிவக்கவே இல்லை என்றால் எங்கேயோ ஒன்று அறுந்திருக்கிறது. சட்டென்று பளீரென எரிந்தால் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல் இவ்வளவு சொல்லியது அந்தச் சுருள். தொடரிணைப்பின் குறையும் உங்களுக்குத் தெரிந்ததே. சமயபுரம் பூச்சொரிதலுக்குக் கட்டும் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் இருட்டு. ஆறில் ஒன்று அறுந்தால் ஆறும் போச்சு. கிளீனர் பையன் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

பின்னால் வந்தது பென்சில் பிளக். உங்கள் வீட்டில் வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடு இருக்கிறதே, அதன் குட்டித் தம்பி. எஃகுக் குழாய்க்குள் சுருள்கம்பி, இடைவெளியில் மெக்னீசியம் ஆக்சைடு தூள். மின்சாரத்தை விடாது, சூட்டை விடும். இவை பக்க இணைப்பு. ஒவ்வொன்றும் பேட்டரியிலிருந்து நேராக எடுத்துக்கொண்டு எஞ்சின் உடம்பு வழியாகத் திருப்பி அனுப்பும். மின்தடை ஒரு ஓம் அளவு என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டுக்கு 12 ஆம்பியர், 144 வாட். நான்கு சேர்ந்தால் ஒரு இஸ்திரிப் பெட்டியை நெருங்கும். ஜூல் விதியை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்தவர்கள் கவனிக்க. கடைசி பெஞ்சு, உங்களைத்தான்.

டீசல் அம்பாசடரில், மேட்டடோர் வேனில் எல்லாம் ஹீட்டர் இருந்தது. 2005ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் குட்டி யானை, இரண்டே சிலிண்டர், 702 சி.சி., அதுவும் அறை வைத்த எஞ்சின்தான். நம் தெருக்களில் காய்கறியும் தண்ணீர் கேனும் கொண்டுவரும் முதல் தலைமுறைக் குட்டி யானைகளுக்கு நிறைய வயதாகிவிட்டது. ஆகவே இது மியூசியத்துக்குப் போன விஷயமில்லை. வைத்திருப்பவர்கள் உங்களில் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பக்க இணைப்பில் ஒரு நன்மை, அதிலேயே ஒரு ஆபத்து. ஒன்று செத்தால் மற்றவை வேலை செய்யும். அதனால் ஒன்று செத்தது யாருக்கும் தெரியாது. வண்டி கொஞ்ச நேரம் மூன்று காலில் நொண்டுகிற மாதிரி ஓடிவிட்டுச் சரியாகிவிடும். இரண்டாவது சாகும். "கொஞ்சம் லேட்டா பிடிக்குது" என்பார்கள். மூன்றாவது செத்த பிறகுதான் பேச்சே வரும். டேஷ்போர்டில் மஞ்சளாக எரியும் ஹீட்டர் லைட் இங்கே உதவாது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் அது டைமர் ஓடுவதைக் காட்டுகிறதே ஒழிய பிளக் சூடானதைக் காட்டுவதில்லை. அப்பாவின் சுருள் பொய் சொல்லாது. இந்த லைட் சொல்லும்.

இப்போது அந்தப் பையன் வழக்குக்கு வருகிறேன். செல்ஃப் மோட்டார் என்பது ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி. நூறு ஆம்பியருக்கு மேல் வாங்கிக்கொண்டு சில நொடி உயிரைக் கொடுத்துச் சுற்றும், பிறகு ஓய்வு வேண்டும். பத்து நொடிக்கு மேல் அடிக்காதே, அரை நிமிஷமாவது விட்டு அடி என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். மூன்று ஹீட்டர் இல்லாத வண்டியை நாலு மணிக்குக் கிளப்ப அவன் எத்தனை தடவை அடித்திருப்பான்? முதலாளி மார்க்கெட்டிலிருந்து போன் மேல் போன் போடும்போது அரை நிமிஷம் யார் காத்திருப்பார்கள்? செல்ஃப் சூடாகும், பேட்டரி இறங்கும், பேட்டரி இறங்கினால் சுற்றும் வேகம் குறையும், வேகம் குறைந்தால் காற்றுச் சூடு இன்னும் குறையும், அதனால் இன்னும் அதிகம் அடிக்க வேண்டும். காயில் எரிந்ததில் அதிசயமில்லை.

டீசல் கணக்குக்கும் இதுவே பதில். பேட்டரி இறங்கிக் கிடப்பதால் மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் நேரமெல்லாம் அவன் எஞ்சினை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும், தள்ள ஆள் யார் வருவார்? முக்கால் மணி நேரம் சும்மா ஓடும் வண்டி டீசலைக் குடிக்காமல் என்ன செய்யும்? காலையில் கக்கும் வெள்ளைப் புகையும் எரியாமல் போகும் டீசல்தான். கையில் ஒரு பைசா எடுக்காதவனுக்குத் திருட்டுப் பட்டம். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் துண்டைக்கூடத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிற பிள்ளை அவன்.

முதலாளியும் கெட்டவர் இல்லை. கோவில் காரியம், படிப்புச் செலவு என்று கேட்டால் கொடுப்பவர். ஆனால் சில நூறு ரூபாய் பிளக்கை "அனாவசியம்" என்று தள்ளிவிட்டு, அதன் பலனைச் சம்பளத்தில் பிடிப்பது நியாயமில்லை. வண்டி அவருடையது, பராமரிப்பு அவருடையது, தேய்மானமும் அவருடையது. ஓட்டுகிறவன் குடித்துவிட்டு இடித்தான் என்றால் வேறு பேச்சு. நான் நேரில் போய் இதையே சொன்னேன். இனிமேல் பிடிக்கமாட்டேன் என்றார். பிடித்ததைத் தருவது பற்றி, "பார்க்கலாம் டீச்சர்" என்றார். இன்று வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் கோரிக்கை, ஓட்டுகிறவனைத் திட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். காலையில் முதல் தடவை மட்டும் மக்கர், மதியம் சாவியைத் திருப்பியதும் பிடிக்கிறது என்றால் முதல் சந்தேகம் ஹீட்டர் மேல். சூடான பிறகும் மக்கர் என்றால் கம்ப்ரஷன், நாசில், பம்பு என்று வேறு இடத்தில் தேட வேண்டும். பிளக்குகளைச் சேர்க்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து 12 வோல்ட் டெஸ்ட் லாம்பை எடுத்து ஒவ்வொரு பிளக் தலையிலும் வையுங்கள். எரிந்தால் கம்பி அறுபடவில்லை. எரியாவிட்டால் அது செத்தது. ஐந்து நிமிஷ வேலை. எல்லா பிளக்கும் நன்றாக இருந்தால் ரிலேயையும் வயரையும் பாருங்கள். கழற்றிய பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுத்துப் பார்க்கும் வீரம் வேண்டாம், முனை நொடிகளில் சிவந்துவிடும். பல வருஷம் கழற்றாத பிளக்கை முரட்டுத்தனமாகத் திருப்பினால் முறியும். எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பொறுமையாகக் கழற்ற வேண்டும். முனை கருகிக் கரைந்திருந்தால் நாசில் தெளிப்பதே கோணல் என்று அர்த்தம். நாசிலைப் பார்க்காமல் புது பிளக் போட்டால் அதுவும் போகும். முனை வீங்கியிருந்தால் ரிலே ஒட்டிக்கொண்டு கரண்ட் நிற்காமல் போயிருக்கலாம்.

ரிலே போய்விட்டது என்று சில இடங்களில் ஒரு புஷ் பட்டனை வைத்து நேராக இணைத்துக் கொடுக்கிறார்கள். தற்காலிகத்துக்குப் பரவாயில்லை. ஆனால் வயர் அந்த ஆம்பியரைத் தாங்கும் கனத்தில் இருக்க வேண்டும், ஃபியூஸ் இருக்க வேண்டும், ஓட்டுகிறவனுக்கு எத்தனை நொடி அழுத்துவது என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து நான் பார்த்ததில்லை. ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் துணியைக் கொளுத்திக் காட்டுவதும், ஈதர் ஸ்ப்ரே அடிப்பதும் அதைவிட மோசம். ஹீட்டர் சிவந்திருக்கும்போது ஈதர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடிக்கும். ரிங் உடையும், முகமும் போகலாம்.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. மின்மோட்டார் வருவதற்கு முன் அரிசி ஆலைகளில் ஆயில் எஞ்சின் ஓடிய காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த ஹார்ன்ஸ்பி வகை எஞ்சின்களின் தலையில் குண்டு மாதிரி ஒரு பாகம் இருக்கும். ஆக்ராய்ட் ஸ்டூவர்ட் என்ற இங்கிலாந்துக்காரர் 1890ல் காப்புரிமை எடுத்தது, ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை 1897ல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டுவதற்கு முன்னாலேயே. காலையில் ஊது விளக்கால் அந்தக் குண்டைப் பல நிமிஷம் சுட்டு, அது சிவந்த பிறகுதான் சக்கரத்தைச் சுற்றுவார்கள். சுடாமல் சுற்றியவனை மேஸ்திரி திட்டியிருப்பார். சூடு பண்ணாத முதலாளியை யாரும் திட்டியதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய டி.எம்.பி. கம்பி வளைய பிளக், அல்லது டேஷ்போர்டுச் சுருள், யார் வீட்டுப் பரணிலாவது, பட்டறைப் பழைய டப்பாவிலாவது கிடந்தால் எனக்கு வேண்டும். வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. நம் பள்ளியில் இப்போது பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதும் என் மாணவிதான். தொடரிணைப்பு நடத்தும் வாரத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். இன்பாக்ஸில் சொல்லுங்கள், வாங்கிக்கொள்ள நானே வருகிறேன். காபி மட்டும் சர்க்கரை இல்லாமல்.